‘போல’ வந்தாலே உவமை அணிதானா?

நிலா_வேலூர்
வணக்கம். ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டே மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். இன்று சிலப்பதிகாரத்தில் இந்த அடிகள்:

போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி
வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட

பாடத்தில் இதற்குத் தற்குறிப்பேற்ற அணி என்று இருக்கிறது. ஒரு பையன், “அதான் ‘போல்’னு இருக்கே மிஸ், அப்போ உவமைதானே?” என்றான். கைடில் ‘போல வந்தால் உவமை, ஆகிய வந்தால் உருவகம்’ என்று பெட்டி கட்டிப் போட்டிருக்கிறார்கள். அவன் அதைத்தான் படித்திருக்கிறான். ‘இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றுவது’ என்று வரையறையைச் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினான், ஆனால் புரிந்த மாதிரி தெரியவில்லை. பத்தாம் வகுப்புக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்களேன்.

வண்டிச்சக்கரம்
கொடி ஆடினால் தற்குறிப்பேற்றம். ஒரு மார்க் கேள்விக்கு இது போதும். அடுத்த பாடத்துக்குப் போங்கள்.

ஓய்வு_தமிழய்யா
வண்டிச்சக்கரம் தம்பி சொன்ன வழியில் மார்க் வரும். ஆனால் அந்தப் பையன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் அவன் அடுத்து எதையும் கேட்க மாட்டான்.

‘பால் போன்ற நிலவு’ என்றால் பால் ஒன்று, நிலவு ஒன்று. இரண்டுக்கும் பொதுவாக வெண்மை. தொல்காப்பியர் உவமவியலைத் தொடங்கும்போதே ‘வினைபயன் மெய்உரு என்ற நான்கே’ என்று சொல்லிவிடுகிறார். செயல், பயன், வடிவம், நிறம் இந்த நான்கில் ஏதாவது ஒன்றில் ஒப்புமை இருக்க வேண்டும்.

இப்போது கொடிக்கு வாருங்கள். எது எதோடு ஒப்பிடப்படுகிறது? கொடியையும் கையையும் ஒப்பிடுவது இளங்கோவுக்கு முக்கியமே இல்லை. கொடி ஏன் ஆடுகிறது என்று கேளுங்கள். காற்றடித்தது, ஆடுகிறது. அது இயல்பு. கவிஞர் அந்தக் காரணத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ‘கோவலன் உள்ளே போனால் திரும்பி வர மாட்டான், அதனால் வராதே என்று கைகாட்டித் தடுக்கிறது’ என்று வேறொரு காரணத்தை அதன்மேல் ஏற்றுகிறார். அங்கே வரும் ‘போல்’ இரண்டு பொருளை ஒப்பிடவில்லை. நடக்காத ஒன்றை நடப்பதுபோலக் காட்டுகிறது.

அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் இதைத்தான் ‘இயல்பின் விளைதிறன் அன்றி அயலொன்று தான்குறித்து ஏற்றுதல்’ என்கிறது. இயல்பான காரணத்தை விட்டுவிட்டு அயலான ஒன்று. பையனிடம் இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: பாட்டு ‘எதைப் போல?’ என்பதற்குப் பதில் சொல்கிறதா, ‘ஏன்?’ என்பதற்குப் பதில் சொல்கிறதா? முதலாவது என்றால் உவமை. இரண்டாவது என்றால், அதுவும் கவிஞர் கற்பித்த பதில் என்றால், தற்குறிப்பேற்றம்.

நிலா_வேலூர்
ஐயா, இதுதான் வேண்டியிருந்தது. நாளைக்கே சொல்லிப் பார்க்கிறேன். கூடவே காட்ட இன்னொரு பாட்டு இருந்தால் சொல்லுங்கள்.

ஓய்வு_தமிழய்யா
இருக்கிறது, அதுவும் கொடிதான். கம்பராமாயணத்தில் மிதிலைக் காட்சிப் படலத்தின் முதல் பாட்டை எடுங்கள்.

மையறு மலரின் நீங்கி
யான்செய்மா தவத்தின் வந்து
செய்யவள் இருந்தாள் என்று
செழுமணிக் கொடிகள் என்னும்
கைகளை நீட்டி அந்தக்
கடிநகர் கமலச் செங்கண்
ஐயனை ஒல்லை வாவென்று
அழைப்பது போன்றது அம்மா

ராமன் மிதிலைக்குள் நுழைகிறான். கோட்டைக் கொடிகள் ஆடுகின்றன. ‘திருமகள் இங்கேதான் பிறந்திருக்கிறாள், சீக்கிரம் வா’ என்று ஊரே கைநீட்டிக் கூப்பிடுகிறதாம். மதுரையிலும் கொடிதான், மிதிலையிலும் கொடிதான். இரண்டு இடத்திலும் காற்றுக்கு ஒரே வேலை. மதுரையில் ‘வாரல்’, மிதிலையில் ‘ஒல்லை வா’. ஒன்றில் கணவன் சாகப் போகிறான், இன்னொன்றில் கல்யாணம் நடக்கப் போகிறது. இரண்டு பாட்டையும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவிட்டு ஒன்றும் சொல்லாமல் நில்லுங்கள். பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று. கம்பர் பாட்டுக்குள்ளேயே ‘கொடிகள் என்னும் கைகள்’ என்று வருகிறது. அது உருவகம். ஒரு பாட்டுக்குள் ஒரே ஒரு அணிதான் குடியிருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. கைடு அப்படி நினைக்க வைத்துவிடுகிறது.

ஆங்கில_எம்ஏ
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் பாடத்தில் இதை பெர்சானிஃபிகேஷன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். உயிரில்லாத பொருள் ஆள் மாதிரி நடந்துகொள்கிறது, அவ்வளவுதானே?

ஓய்வு_தமிழய்யா
பாதி சரி. ‘கடல் சீறியது’ என்றாலும் கடலுக்கு ஆள் குணம் வந்துவிடுகிறது. ஆனால் அங்கே கற்பித்த காரணம் எதுவும் இல்லை, அதனால் தற்குறிப்பேற்றம் இல்லை. இரண்டும் அடிக்கடி சேர்ந்து வரும், ஆனாலும் வேறு வேறு.

அதே காதையில், கொடிகளுக்குச் சற்று முன்னால் வையை ஆறு வருகிறது.

வையை என்ற பொய்யாக் குலக்கொடி
தையற்கு உறுவது தான்அறிந் தனள்போல்
புண்ணிய நறுமலர் ஆடை போர்த்துக்
கண்ணிறை நெடுநீர் கரந்தனள் அடக்கி

ஆறு முழுக்கப் பூ மிதக்கிறது. கரையோர மரங்கள் உதிர்த்தவை. இது இயல்பு. இளங்கோ என்ன சொல்கிறார்? கண்ணகிக்கு வரப்போகிற துன்பம் வையைக்குத் தெரிந்துவிட்டது, கண் நிறைந்த நீரை யாரும் பார்க்கக் கூடாதென்று பூவாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இங்கே வையை பெண்ணாகிவிட்டாள், அது நீங்கள் சொல்வது. பூ மூடியதற்குக் காரணம் அழுகையை மறைப்பது, அது தற்குறிப்பேற்றம். ‘நீர்’ என்ற சொல் ஆற்றுநீருக்கும் கண்ணீருக்கும் இரண்டுக்கும் பொருந்தி நிற்கிறது, அது இன்னொரு வேலை.

அடுத்த அடிதான் எனக்கு உயிர். கோவலனும் கண்ணகியும் அந்த ஆற்றைப் பார்த்து ‘புனல்யாறு அன்றிது பூம்புனல் யாறு’ என்று வியந்து, தொழுதுவிட்டு, மரத்தெப்பத்தில் ஏறிப் போகிறார்கள். அவர்கள் கண்ணுக்குப் பூ மட்டும்தான் தெரிகிறது. பூவுக்கு அடியில் இருப்பது படிக்கிற நமக்கு மட்டும் தெரிகிறது.

ஆங்கில_எம்ஏ
ஐயா, அப்படியானால் அது நாங்கள் சொல்லும் டிராமாட்டிக் ஐரனி! பாத்திரத்துக்குத் தெரியாதது பார்வையாளருக்குத் தெரிவது. நாலு அடிக்குள் இது இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மொட்டைமாடி
எல்லாம் சரி, ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். இந்தப் பெயர்கள் எதற்கு? தண்டியலங்காரத்தில் பொருளணி மட்டும் 35. தொல்காப்பியருக்கு உவமை ஒன்றே போதுமானதாக இருந்தது. வையைப் பாட்டை ரசிக்க ‘தற்குறிப்பேற்றம்’ என்ற சொல் வேண்டுமா? பள்ளிக்கூடத்தில் அணி கண்டுபிடிக்கச் சொல்லியே பாட்டின் மேல் எனக்கு வெறுப்பு வந்தது.

கல்லாப்பெட்டி
மொட்டைமாடி அண்ணா சொல்வதை நானும் வழிமொழிகிறேன். நான் ஓட்டல் நடத்துபவன். சப்ளையர் வந்து “நாலாம் டேபிள் பில் கேக்குது”, “ஃபேமிலி ரூம் ரெண்டாவது சாம்பார் கேக்குது” என்பான். டேபிள் பில் கேட்காது என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இலக்கணம் தெரியாமலே வியாபாரம் நடக்கிறது.

ஓய்வு_தமிழய்யா
கல்லாப்பெட்டி, உங்கள் சப்ளையர் பேசுவது சுத்தமான இடவாகுபெயர். இடத்தின் பெயர் அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு ஆகி வருகிறது. ‘ஊர் சிரிச்சுது’ என்பதும் அதேதான். ‘அரை லிட்டர் ஊத்து’ முகத்தலளவை ஆகுபெயர். பூக்காரியிடம் ‘ரெண்டு முழம் குடும்மா’ என்றால் நீட்டலளவை. தலையில் டிசம்பர் வைத்துக்கொண்டால் காலவாகுபெயர். நன்னூலார் இந்தப் பட்டியலைப் போட்டுவிட்டு ‘தொன்முறை உரைப்பன’ என்று ஒரு சொல் சேர்க்கிறார். வழக்கத்தில் ஊறியிருக்க வேண்டும், ஒருவர் நினைத்த மாத்திரத்தில் உண்டாக்க முடியாது என்பது பொருள். உங்கள் கடையில் அந்த வழக்கம் இருக்கிறது, செல்லும்.

இதில் ஒரு விஷயம். நன்னூல் ஆகுபெயரை அணியாகவே எண்ணவில்லை. சொல்லதிகாரத்துப் பெயரியலில் வைத்திருக்கிறது. கவிஞருடைய அலங்காரம் இல்லை, எல்லோரும் புழங்கும் பேச்சு என்பதால்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஆங்கில_எம்ஏ
மெட்டனிமி! அப்படியானால் ஆகுபெயர் = மெட்டனிமி, உருவகம் = மெட்டஃபர் என்று அட்டவணை போட்டுவிடலாமா?

ஓய்வு_தமிழய்யா
போடலாம், ஆனால் இடிக்கும். ‘காளை வந்தான்’ என்பது நம் இலக்கணத்தில் உவமையாகுபெயர். உங்கள் கணக்கில் அது மெட்டஃபர் ஆகிவிடும். ‘வெற்றிலை நட்டான்’ என்று இலையின் பெயரைக் கொடிக்குச் சொல்வது சினையாகுபெயர். அதற்கு உங்களிடம் தனிப் பெயர் இருக்கும். கட்டம் ஒன்றாக இருக்காது.

கயல்
என் பெயர் கயல்விழி. கல்லூரியில் ‘உன் பெயர் உவமைத்தொகை’ என்று ஒருவர் சொன்னார், ‘இல்லை, உருவகம்’ என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார். இங்கேயாவது தீர்த்து வையுங்கள்.

பனையோலை
அக்கா, இதற்கு நான் சொல்கிறேன். தமிழில் தொடரின் கடைசியில் நிற்பதுதான் ஆள். ‘கயல்விழி’யில் கடைசியில் நிற்பது விழி. கயல் அதற்கு முன்னால் நின்று ‘எப்படிப்பட்ட விழி’ என்று மட்டும் சொல்கிறது. விழி விழியாகவே இருக்கிறது. அதனால் உவமைத்தொகை. திருப்பிப் போட்டால் ‘விழிக்கயல்’. இப்போது கடைசியில் நிற்பது மீன். விழி போய் மீனே வந்துவிட்டது. இது உருவகம். மலரடி – அடிமலர், தேன்மொழி – மொழித்தேன், பவளவாய் – வாய்ப்பவளம், எல்லாம் இதே கணக்கு.

சந்தேகம் வந்தால் பக்கத்தில் ஒரு வினையைப் போட்டுப் பாருங்கள். ‘கயல்விழி கலங்கியது’ என்று சொல்லலாம், கலங்குவது கண். ‘விழிக்கயல் துள்ளியது’ என்று சொல்லலாம், துள்ளுவது மீன். உருவகத்தில் உவமையாக வந்த பொருளின் குணம் அடுத்த சொல்லுக்கும் தொற்றிக்கொள்ளும். நல்ல கவிஞர்கள் அந்தத் தொற்றை வைத்துத்தான் நாலு அடி ஓட்டுவார்கள்.

ஆனால் உங்கள் பெயர் இரண்டும் இல்லை! ‘கயல்விழி வந்தாள்’ என்னும்போது வந்தது விழி இல்லையே. கயல் போன்ற விழியை உடைய பெண். தொடரில் ‘உடைய பெண்’ எங்கும் இல்லை, வெளியிலிருந்து வருகிறது. உவமைத்தொகையின் புறத்துப் பிறந்த அன்மொழித்தொகை.

கயல்
இவ்வளவு நீளமாக ஒரு பட்டம் எனக்குக் கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

மொட்டைமாடி
என் கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள்.

பனையோலை
தாண்டவில்லை அண்ணா. ஒரு பாட்டு சொல்கிறேன். புறநானூறு 95. அதியமானின் தூதாகப் போகிறார் ஔவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவை சொல்வது இது: இவைதான் எவ்வளவு அழகு! மயில்பீலி சூடி, மாலை போட்டு, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. அங்கே அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன.

மேலோட்டமாகப் படித்தால் தொண்டைமானுக்குப் பாராட்டு, அதியமானுக்குக் குறை. உண்மையில் ‘உன் ஆயுதம் போர்க்களம் பார்த்ததே இல்லை’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லியாகிவிட்டது. புகழ்வது போலப் பழிப்பு, பழிப்பது போலப் புகழ். வஞ்சப்புகழ்ச்சி என்று ஒன்று உண்டு என்று தெரியாதவன் இதை ஆயுதக் கிடங்கு வர்ணனை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவான்.

மொட்டைமாடி
இதை ஏற்க முடியாது தம்பி. பெயர் தெரியாமலே எனக்குச் சிரிப்பு வந்தது. என் பாட்டி மருமகளிடம் “மகாராணி எழுந்தாச்சா?” என்று கேட்பார். பாட்டி தண்டியலங்காரம் படிக்கவில்லை. மருமகளும் படிக்கவில்லை. இருவருக்கும் நன்றாகவே புரிந்தது.

ஓய்வு_தமிழய்யா
மொட்டைமாடி சொல்வதில் உண்மை இருக்கிறது, நான் மறுக்க மாட்டேன். புரிவது முதலில், பெயர் பிறகு. பெயரை முதலில் கொடுத்துப் புரியச் சொல்வதுதான் வகுப்பறையில் நடக்கும் கோளாறு. 35ஐயும் மனப்பாடம் செய்யச் சொல்பவன் நானில்லை. ஏழெட்டு தெரிந்தால் போதும்.

ஆனால் ஒரு இடத்தில் பெயர் உதவுகிறது. சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிக்க. குறளில் பாருங்கள்.

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ்
சால மிகுத்துப் பெயின்

மயிலிறகுதான், ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். குறள் அவ்வளவுதான். இதில் ‘போல’ இல்லை, அரசன் இல்லை, பகைவன் இல்லை. வண்டிக்காரனுக்குச் சொன்ன புத்தி மாதிரியே இருக்கிறது. அது வலியறிதல் அதிகாரத்தில் இருப்பதால், எளிய பகைவர்தானே என்று பலரையும் ஒருசேரச் சேர்த்துக்கொண்டால் வலியவனும் முறிவான் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். உவமையை மட்டும் சொல்லிப் பொருளை மறைப்பதால் பிறிது மொழிதல். ‘அகர முதல’ குறளில் உவமையும் இருக்கிறது, பொருளும் இருக்கிறது, நடுவில் ‘அதுபோல’ மட்டும் இல்லை. அது எடுத்துக்காட்டு உவமை.

ஆக ‘போல’ என்ற உருபு இருப்பது, உருபு போய்விடுவது, பொருளே போய்விடுவது என்று படிப்படியாக மறைக்கிறார்கள். சங்கப் பாடலில் உள்ளுறை இதற்கும் ஒரு படி மேலே. குறுந்தொகை 8ல் ஒரு பரத்தை பேசுகிறாள்: ‘கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்’. வயலோர மாமரத்தில் பழுத்து விழும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வுகிற ஊரைச் சேர்ந்தவன். ஊர் வர்ணனை மாதிரிதானே இருக்கிறது? மீன் மரம் ஏறவில்லை. பழம் தானாக விழுந்தது. ‘நாங்கள் ஒன்றும் அவனை இழுக்கவில்லை, அவனாக வந்து விழுந்தான்’ என்று மனைவிக்கு வேண்டியவர்கள் காதில் விழும்படி சொல்கிறாள். உள்ளுறை என்று ஒன்று உண்டு என்று தெரிந்தவன்தான் மீனிடம் நின்று யோசிப்பான். மற்றவன் ‘வளமான ஊர்’ என்று தாண்டிவிடுவான்.

அதே பாட்டின் முடிவில் அவனைப் பற்றி: வீட்டுக்குப் போனால், கையைத் தூக்கினால் கையைத் தூக்கும், காலைத் தூக்கினால் காலைத் தூக்கும் ‘ஆடிப்பாவை போல’, தன் பிள்ளையின் தாய்க்கு ஆடுவான். கண்ணாடிப் பிம்பம்! இது ஒளிவு மறைவில்லாத உவமை. ஒரே ஆளைப் பற்றி ஒரு பேச்சு மறைவாக, ஒரு பேச்சு போட்டு உடைத்து.

மொட்டைமாடி
மீன் விஷயம் எனக்குத் தெரியாது. இதை ஒப்புக்கொள்கிறேன். 35 பெயரை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

வண்டிச்சக்கரம்
ஒரே சொல் இரண்டு பொருள் தரும் சிலேடைக்கு யாராவது காளமேகம் போடுங்கள். இழை ரொம்ப சீரியஸாகப் போகிறது.

பனையோலை
பாம்பும் எள்ளும்.

ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேஇரையும்
மூடித் திறக்க முகங்காட்டும் – ஓடிமண்டை
பற்றிற் பரபரெனும் பாரிற்பிண் ணாக்குமுண்டாம்
உற்றிடுபாம் பெள்ளெனவே ஓது

பாம்பு படமெடுத்து ஆடிவிட்டுக் குடத்துக்குள் போகும். எள் செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்துக்குப் போகும். ஆடும்போது பாம்பும் இரையும், செக்கும் இரையும். கூடையை மூடித் திறந்தால் பாம்பு முகம் காட்டும். எண்ணெய்க் குடத்தைத் திறந்தால் நம் முகம் தெரியும். மண்டையில் ஏறினால் விஷமும் பரபரக்கும், எண்ணெயும் பரபரக்கும். கடைசியில் பிண்ணாக்கு: எள்ளுக்கு மாட்டுத் தீவனம், பாம்புக்குப் பிள்+நாக்கு, பிளவுபட்ட நாக்கு. வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் முன்னால் வந்துவிடும்.

நிலா_வேலூர்
எல்லோருக்கும் நன்றி. இரண்டு கொடிப் பாட்டையும் பலகையில் எழுதினேன். அந்தப் பையனே, “ஒண்ணு போகாதேன்னு சொல்லுது, ஒண்ணு வாங்கங்குது, ஆனா ரெண்டும் காத்துலதான் ஆடுது” என்றான். பிறகு அவனே இன்னொரு கேள்வியும் போட்டான். ‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர்’ குறளில் பிறவி கடல் என்றால் இறைவன் அடி என்ன? அதற்கு ஒன்றும் சொல்லவில்லையே என்கிறான்.

ஓய்வு_தமிழய்யா
அவனை விடாதீர்கள் அம்மா. அதுதான் ஏகதேச உருவகம். சேர்ந்து நிற்கும் இரண்டில் ஒன்றை மட்டும் உருவகம் செய்துவிட்டு மற்றதை நம்மிடம் விட்டுவிடுவது. பிறவியைக் கடலாக்கிய வள்ளுவர் அடியை எதுவாகவும் ஆக்கவில்லை. பரிமேலழகர்தான் உரையில் ‘புணை’ என்று தெப்பத்தைக் கொண்டுவந்து போடுகிறார். அவனிடம் முதலில் உரையைக் காட்டாதீர்கள். கடலைக் கடக்க என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.

வண்டிச்சக்கரம்
மடக்கு அணிக்குத் தனி இழை ஆரம்பிக்கலாமா? இதே இழையில் போட்டால் யாருக்கும் தேடக் கிடைக்காது.